புகையின் உயரம்: ஒரு சிற்றாய்வு

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று துணியலாம். அடுக்களையில் அப்படித்தான் கண்டிருக்கிறோம். அனுமானம் என்ற அளவையை விளக்க நம் தருக்க நூல்கள் ஓயாமல் எடுத்தாண்ட எடுத்துக்காட்டு இது. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை இலக்கணம் உரைக்கும் காதையிலும் இதே மலை, இதே புகை, இதே அடுக்களை வருகின்றன. பிற்காலத்து நியாய நூலார் இதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள். காணும் புகை அடி அறாத கோடாக அந்த மலையிலிருந்தே எழுந்து வானைத் தொட வேண்டும். அடி அறுந்த புகையும் கண்ணுக்குப் புகைதான்; ஆனால் அது நிற்கும் இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்கு அது சான்றாகாது.

2023 ஜூன் 7, புதன்கிழமை. நியூயார்க் நகரத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. காற்றுத்தரக் குறியீடு 400ஐத் தாண்டியது. அமெரிக்க அளவுகோலில் 300க்கு மேல் போனாலே அது அபாய வகை. யாங்கீஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பிராட்வேயில் நாடகக் காட்சிகள் ரத்தாயின. ஆஸ்துமா நோயாளிகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வழக்கத்தைவிட அதிகமாக வந்தார்கள். நகரத்தை மூடிய அந்தப் புகையின் அடி நகரத்தில் இல்லை. நேர் வடக்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, கனடாவின் கியூபெக் மாகாணக் காடுகளில் இருந்தது.

அறுந்துபோன அந்த அடியைத் தேடிப் பிடிப்பதுதான் செயற்கைக்கோள் கொண்டு புகையின் தடம் பார்ப்பவர்களின் தொழில். அதில் அவர்கள் மிகவும் தேர்ந்துவிட்டார்கள். ஆனால் அடியைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. படத்தில் தெரியும் புகை எந்த உயரத்தில் நிற்கிறது? மூச்சுக்கு வேண்டிய விடை அதில்தான் இருக்கிறது. படத்தில் புகை இருப்பதும் நெஞ்சுக்குள் புகை போவதும் ஒன்றல்ல. பழுப்புப் படலம் பரவிய படத்தை அப்படியே எடுத்துப் போட்டு இதுதான் உங்கள் காற்று என்று சொல்லும் வழக்கம் செய்தித்தாள்களிலும் வாட்ஸப்பிலும் வேரூன்றிவிட்டது. மூச்சுத்திணறல் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தவிக்கும் தாய்க்கு அந்தப் படம் தவறான விடை தரக்கூடும் என்பதுதான் என் கவலை.

முதலில் கியூபெக். அந்த ஆண்டு வசந்தம் வறண்டிருந்தது. ஜூன் முதல் நாளை ஒட்டி விழுந்த மின்னல்களால் மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தீப்பற்றியது. ஜூன் 6 இரவு சிபூகமோ என்ற ஊரில் ஏறத்தாழ 7,500 பேரையும் வெளியேறச் சொன்னார்கள். கிரீ பழங்குடியினரின் ஊர்கள் சிலவற்றிலிருந்தும் மக்கள் கிளம்பினார்கள். அந்த ஆண்டு முடியும்போது கனடா முழுவதும் எரிந்த பரப்பு ஒன்றரைக் கோடி ஹெக்டேர் அளவில் இருந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஒரு கோடியே முப்பது லட்சம் ஹெக்டேர்தான்.

இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது கோஸ்-16 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள். அப்போது அது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், மேற்குத் தீர்க்கரேகை 75.2 பாகையில் அசையாமல் நின்றது. பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் அப்படி நிற்க முடிகிறது. சிபூகமோ இருப்பது 74.4 பாகையில், நியூயார்க் 74 பாகையில். தீயும் நகரமும் அவற்றைப் பார்க்கும் கண்ணும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் அமைந்துவிட்டன. தனக்குத் தெரியும் பூமியின் பாதி முழுவதையும் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும், அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பகுதியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் படமெடுத்தது.

ஜூன் 6, 7 தேதிகளின் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பது ஒரு கல்வி. மெயின் மாநிலம், நோவா ஸ்கோஷியா பக்கமாக ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வெண்மேகச் சுழலாகத் தெரிகிறது. வட அரைக்கோளத்தில் தாழ்வு மண்டலத்தைக் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே அதன் மேற்கு ஓரத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே பாயும். கியூபெக் புகை அந்த மேற்கு ஓரத்தில் மாட்டிக்கொள்கிறது. வெள்ளைச் சுழலின் பக்கத்தில் பழுப்பு நிறப் பட்டை ஒன்று நீண்டு, நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியைக் கடந்து, 7ஆம் தேதி பிற்பகலில் நகரத்தின் மேல் வந்து கவிகிறது. தனிப்படம் ஒன்றில் அது வெறும் கறை. படங்கள் ஓடும்போதுதான் எது எங்கிருந்து வந்தது என்பது நமக்குப் புலப்படும். அறுந்த அடியை மீண்டும் ஒட்டவைப்பது இந்தத் தொடர்ச்சிதான். நியாய நூலார் இடத்தில் கேட்ட தொடர்ச்சியை இங்கே காலம் கொடுக்கிறது.

புகையையும் மேகத்தையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் சில அடையாளங்களை வைத்திருக்கிறார்கள். மேகத்துக்கு விளிம்பு உண்டு, முண்டும் முடிச்சும் உண்டு. உயர்ந்த மேகமானால் தரையில் நிழலும் விழும். புகைக்கு விளிம்பு தெளிவாக இராது. இழை இழையாகக் கரைந்துகொண்டே போகும். நேரமும் முக்கியம். சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் புகை நன்றாகப் பளிச்சிடும். சூரியன் உச்சிக்கு வந்ததும் அதே புகை மங்கிவிடும். புகைத்துகள்கள் ஒளியை வந்த திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிப்பவை; சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தச் சிதறல் செயற்கைக்கோளை நோக்கிப் போகிறது. காலையில் தெரிந்த புகை நண்பகலில் குறைந்துவிட்டது என்று புதியவர்கள் எழுதுவதுண்டு. குறைந்தது புகையல்ல, சூரியனின் சாய்வு.

இரவில் நிலைமை தலைகீழ். கண்ணுக்குத் தெரியும் ஒளி இல்லாதபோது அகச்சிவப்பைத்தான் நம்ப வேண்டும். மேகங்களை இரவிலும் காட்டும் 10 மைக்ரான் சுற்றுவட்டார அலைகளுக்குப் புகை ஏறக்குறைய கண்ணாடிதான். பெரும்பாலான புகைத்துகள்கள் ஒரு மைக்ரானில் சில பத்தில் ஒரு பங்கு அளவே. அவ்வளவு நீண்ட அலை அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். ஆனால் நெருப்பு அப்போதும் தெரியும். 3.9 மைக்ரான் அலைவரிசையில் தீ, குளிர்ந்த நிலத்தின் நடுவே சுடர்விடும். ஒரு படப்புள்ளி தரையில் இரண்டு கிலோமீட்டர் அகலம் இருந்தாலும் அதன் சிறு மூலையில் எரியும் தீயே அந்தப் புள்ளி முழுவதையும் ஒளிரச் செய்துவிடும். பகலில் புகை தெரியும், இரவில் நெருப்பு தெரியும். நிலவு இருக்கும் இரவுகளில் மட்டும் வீர்ஸ் என்ற கருவியின் இரவுநேர அலைவரிசை நிலவொளியிலேயே புகையைக் காட்டிவிடும். கூர்மையிலும் வீர்ஸ் மேலானது. தீப்புள்ளியை 375 மீட்டர் அளவுக்குக் குறுக்கிச் சொல்லும். ஆனால் அது துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோள்களில் இருப்பதால் ஓரிடத்தைப் பகலில் ஒன்றரை மணி வாக்கிலும் இரவில் அதே நேரத்திலும்தான் கடக்கும். பஞ்சாபில் வைக்கோல் எரிப்பது அந்த நேரத்துக்குப் பின்னே தள்ளிப்போயிருப்பதை 2024இல் தென்கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டிக்கொடுத்தன. தீப்புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்ததை மட்டும் வைத்துத் தீ குறைந்தது என்று அறிவிப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கணினிக்குள் இன்னொரு சிக்கல் உண்டு. காற்றில் துகள் எவ்வளவு என்று செயற்கைக்கோள் தரவிலிருந்து கணக்கிடும் நிரல்கள் முதலில் மேகங்களை விலக்கிவிடும். மிகமிக அடர்ந்த புகையை அவை மேகம் என்று எண்ணித் தள்ளிவிடுவதுண்டு. அதனால் வரைபடத்தில் புகை மிகுதியாக இருக்கும் இடத்திலேயே ஓட்டை விழும். அமெரிக்காவின் நோவா நிறுவனம் இதற்கு வைத்திருக்கும் மருந்து மனிதக் கண். அங்கே பகுப்பாய்வாளர்கள் அசைபடங்களை ஓடவிட்டு, புகையின் எல்லையைக் கையால் வரைந்து, மெல்லியது, நடுத்தரம், அடர்ந்தது என்று மூன்று தரமாகப் பிரித்து அன்றாடம் வெளியிடுகிறார்கள். எந்தச் சாம்பல் நிறம் மேகம், எந்தச் சாம்பல் நிறம் புகை என்று தீர்மானிக்க ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது அவர்களின் கைவேலையைத்தான்.

ஆனால் அவர்கள் வரையும் எல்லைக்கோட்டிலும் உயரம் இல்லை. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் காற்றுத்தூண் முழுவதும் ஒரே தளமாகத் தட்டையாகிவிடுகிறது. ஒளியியல் தடிமன் என்று அவர்கள் சொல்லும் அளவு, தரையிலிருந்து விண்வெளி விளிம்பு வரை உள்ள துகள்கள் அனைத்தும் சேர்ந்து ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்பதைத்தான் சொல்கிறது. அந்தத் துகள் நம் தலைக்கு மேலே ஆறு கிலோமீட்டரில் இருக்கிறதா, மூக்கு மட்டத்தில் இருக்கிறதா என்பதை அந்த எண் அறியாது.

இதற்கு நியூயார்க்கே சாட்சி. 2020 செப்டம்பர் நடுவில் கலிஃபோர்னியா, ஓரிகன் காட்டுத்தீக்களின் புகை கண்டத்தையே கடந்து நியூயார்க், வாஷிங்டன் வரை வந்தது. செயற்கைக்கோள் படங்களில் அமெரிக்காவின் குறுக்கே அந்தப் பட்டை தெளிவாகத் தெரிந்தது. நியூயார்க்கில் வானம் பாலேடு படிந்ததுபோல் மங்கியது, சூரியன் சிவந்தது. ஆனால் தரையில் காற்று கெடவில்லை. புகை மேலே, அதிவேகக் காற்றோட்டத்தின் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. மூன்று ஆண்டு கழித்து அதே நகரத்துக்கு அதே நிறப் புகை படத்தில் வந்தபோது மக்கள் திணறினார்கள். இந்த முறை புகை தாழ்வாகவே பயணம் செய்து, பகலில் தரைவெப்பத்தால் கலங்கும் கீழ்க்காற்றுப் படலத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தப் படலம் வழக்கமாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் தடிமன். அதற்குள் வந்துவிட்ட புகை மூச்சுக்குரியது. அதற்கு மேல் நிற்கும் புகை பெரும்பாலும் வானத்தின் நிறத்தை மட்டும் மாற்றும்.

அதே 2023இல் இன்னொரு சான்றும் கிடைத்தது. ஜூன் கடைசி வாரத்தில் கனடாவின் புகை அட்லாண்டிக் கடலைத் தாண்டி மேற்கு ஐரோப்பாவை அடைந்தது. ஐரோப்பிய வரைபடங்களில் அது பெரிய விழுதாகத் தெரிந்தது. போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் வானம் மங்கலாகி அந்தி சிவந்தது. தரைக்காற்றில் பெரிய மாறுதல் இல்லை. அதே வாரம், ஜூன் 28 அன்று, டொரொன்டோவின் காற்று உலகப் பெருநகரங்களிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்றாகப் பதிவாயிற்று. ஸ்கார்பரோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட லட்சக்கணக்கானோர் அதைச் சுவாசித்தார்கள். அவர்களுக்கும் லிஸ்பன்வாசிகளுக்கும் கைக்கு வந்த படங்களின் நிறத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு உயரத்தில் இருந்தது.

உயரத்தை அளக்க வழிகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றும் குறையுடையது, அவ்வளவுதான். டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மிஸ்ர் கருவிக்கு ஒன்பது கேமராக்கள். ஒரே இடத்தை ஒன்பது சாய்வுகளில், ஏழு நிமிடத்துக்குள் பார்க்கும். இரு கண்களால் நாம் ஆழம் அறிவதுபோல அந்தக் கோண வேறுபாட்டிலிருந்து புகைத்தூணின் உச்சி எவ்வளவு என்று கணக்கிடலாம். தீக்கு அருகில் எழும் திடமான புகைத்தூணுக்கு இது அருமையான முறை. கரைந்து பரவிய மெல்லிய புகையில் பிடித்துக்கொள்ள உருவம் இராது. சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி, ஆக்சிஜன் உறிஞ்சும் ஒளிப்பட்டையைக் கொண்டு உயரத்தை ஊகிக்கிறது.

புற ஊதாத் துகள் குறியீடு என்று ஒன்று 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 காலத்திலிருந்து தரவு தருகிறது. ஓசோனை அளக்கப் போன கருவியில் கிடைத்த உபரிப் பயன் அது. காற்றுமூலக்கூறுகள் சிதறடிக்கும் புற ஊதா ஒளியைப் புகை உறிஞ்சிக் கருக்கவைப்பதை அது அளக்கிறது. மேகத்துக்கு மேலே மிதக்கும் புகையைக்கூட அதனால் காட்ட முடியும். ஆனால் அதற்கு ஒரு சார்பு உண்டு. உயரே போன புகைக்கு உரக்கக் குரல் கொடுக்கும். தரையை ஒட்டிய புகைக்கு ஏறக்குறைய ஊமை. எனவே அந்தக் குறியீட்டின் வண்ணப்படத்தில் மிகச் சிவந்து தெரியும் இடமே மூச்சுக்கு மிக ஆபத்தான இடம் என்று கொள்வது பெரும்பிழை.

நேரடி அளவு லேசர் ஒளியால்தான் கிடைக்கும். கலிப்ஸோ என்ற செயற்கைக்கோள் 2006 முதல் பச்சை ஒளித்துடிப்புகளைக் கீழே அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு புகை எந்த உயரத்தில் எத்தனை அடுக்காக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கற்றை தரையைத் தொடும் இடம் நூறு மீட்டருக்கும் குறைந்த அகலம். பழுப்புப் பரப்பு எவ்வளவு அகன்றிருந்தாலும் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கோட்டைத்தான் கலிப்ஸோ வெட்டிக் காட்டும். 2023 ஆகஸ்ட் 1 அன்று அதன் பணி முடிந்தது. கனடா தன் பதிவேட்டிலேயே அதிகமாக எரிந்த கோடையின் நடுவில் அந்தக் கண் மூடியது. ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து உருவாக்கிய எர்த்கேர் 2024 மே மாதம்தான் விண்ணேறியது. இடையில் இருந்த மாதங்கள் இத்துறைக்குப் பேரிழப்பு என்றே சொல்வேன்.

புகை எவ்வளவு உயரம் போகும் என்ற கேள்விக்கு வந்த விடைகள் அறிஞர்களையே திகைக்கவைத்தவை. மிகக் கடுமையான தீ தன் வெப்பத்தால் தனக்கே ஓர் இடிமேகத்தை எழுப்பிக்கொள்ளும். தீ இடிமேகம் என்று சொல்லலாம். அது புகையை அடுக்குமண்டலத்துக்குள் ஏற்றிவிடும். எரிமலையால் மட்டுமே இது முடியும் என்று நெடுங்காலம் நம்பினார்கள்; எரிமலைக் கணக்கில் எழுதப்பட்ட சில துகள் படலங்கள் காட்டுத்தீயின் புகை என்று பிறகு தெரிந்தது. 2017 ஆகஸ்ட் 12 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்படி ஏறிய புகை ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் தொடங்கி இரண்டு மாதத்தில் 23 கிலோமீட்டரைத் தொட்டது. எட்டு மாதத்துக்கு மேல் வானில் இருந்தது. புகையில் உள்ள கரி வெயிலை உறிஞ்சிச் சூடாகி, சுற்றியுள்ள காற்றையும் சூடாக்கித் தன்னையே மேலேற்றிக்கொள்கிறது. 2019 இறுதியில் ஆஸ்திரேலியாவில் எழுந்த புகை இதையும் மிஞ்சி, ஆயிரம் கிலோமீட்டர் அகலச் சுழலாகி, 35 கிலோமீட்டர் வரை ஏறி, பூமியைச் சுற்றிவந்தது. வேரறுந்து மாதங்கள் ஆன பின்னும் அதைத் தொடர முடிந்தது செயற்கைக்கோள்களால்தான்.

அவை இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1950 செப்டம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பெர்ட்டா எல்லையில் சின்சாகா என்ற பெருந்தீ மூண்டிருந்தது. 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒன்டேரியோவிலும் அமெரிக்க வடகிழக்கிலும் பட்டப்பகலில் விளக்கேற்றினார்கள். 26ஆம் தேதி ஸ்காட்லாந்தில் சூரியன் நீலமாகத் தெரிந்தது. ஏறக்குறைய ஒரே அளவான துகள்கள் சிவப்பை அதிகம் சிதறடித்ததால் நேர்ந்த விளைவு அது. வானிலையாளர்கள் மேல்காற்று வரைபடங்களை விரித்து, நாள்நாளாகப் பின்னோக்கி நடந்து, அட்லாண்டிக்கைத் தாண்டி அந்தத் தீயைச் சென்றடைந்தார்கள். இன்று நோவாவின் ஹைஸ்பிளிட் என்ற கணிப்புநிரல் அதே பின்னோக்கு நடையைச் சில நிமிடங்களில் செய்கிறது. அந்த நிரலும் முதலில் கேட்பது புறப்பட வேண்டிய உயரத்தைத்தான். ஒரே நகரத்தின் மேல் 500 மீட்டரில் தொடங்கினால் ஒரு தீ, 5,000 மீட்டரில் தொடங்கினால் வேறொரு தீ. காற்று ஒவ்வொரு உயரத்திலும் வேறு திசையில் வீசுகிறது. உயரம் தெரியாதவர் பழியைக்கூடச் சரியான இடத்தில் போட முடியாது.

ஆகவே, புகைப்படலத்தின் செயற்கைக்கோள் படத்தை வெளியிடும் எவரும் அதனருகே தரை அளவுமானியின் எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 2020 முதல் தீயும் புகையும் காட்டும் அரசு வரைபடம் ஒன்று இதை ஓரளவு செய்கிறது. வீடுகளின் சுவரில் மாட்டிய மலிவு விலை உணரிகளின் அளவையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த உணரிகள் புகையைக் கூட்டிச் சொல்பவை என்பதால் திருத்தக் கணக்குப் போட்டே சேர்க்கிறார்கள். நேர்மையான முறை அது. தெற்கே நகரங்களில் இத்தகைய மானிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வடக்கே கனடாவில், காடு எரியும் இடத்திலேயே வாழும் மக்களின் ஊர்களுக்கிடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். அங்கே மானிகள் அரிது. அங்கிருப்பவர்களுக்கு வானிலிருந்து எடுத்த படம் மட்டும் போய்ச் சேர்கிறது. அடுத்த கோடைக்குள் அந்த ஊர்களின் பள்ளிக்கூடச் சுவர்களிலும் மருந்தகச் சுவர்களிலும் தலா ஒரு மானி மாட்ட ஆகும் செலவு, ஒரு செயற்கைக்கோள் செலவின் ஓரத்துக்குக்கூட வராது.